பிளான்டர்: நெஞ்சளவு தண்ணீரில் ஓடிய கப்பல்

நெஞ்சளவு தண்ணீர் இருந்தால் போதும், பிளான்டர் போய்விடும். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் துறைமுகத்தில், 1860-ல் கட்டி இறக்கிய நீராவிக் கப்பல் அது. நீளம் 147 அடி. இரண்டு பக்கமும் பெரிய துடுப்புச் சக்கரங்கள், மேல்தளத்தில் சுக்கான் அறை. அடிப்பாகம் தண்ணீருக்குள் நாலடிகூட இறங்காது. பீ டீ ஆற்றோரத் தோட்டங்களில் விளைந்த பஞ்சைப் பொதி பொதியாக ஏற்றிக்கொண்டு சார்ல்ஸ்டன் சந்தைக்கு வருவதுதான் அதன் வேலை. ஒரு நடைக்கு 1,400 பொதி வரை ஏற்றலாம். பஞ்சை விளைவித்தவர்கள் அடிமைகள். பொதி கட்டியவர்கள் அவர்கள், ஏற்றி இறக்கியவர்கள் அவர்கள். கொதிகலனுக்கு விறகு போட்டவர்களும், கடைசியில் சுக்கான் பிடித்தவரும்கூட அவர்களில் ஒருவர்தான்.

சார்ல்ஸ்டனிலிருந்து தெற்கே ஜார்ஜியா எல்லை வரை கடற்கரை ஒரே கோடாக ஓடாது. ஏராளமான தீவுகள்; தீவுக்கும் தீவுக்கும் நடுவே உப்பங்கழிகள், சதுப்புப் புல்வெளிகள், வளைந்து வளைந்து போகும் ஓடைகள். ஓதம் ஏறி வற்றுவதற்குள் நீர்மட்டம் ஆறேழு அடி மாறிவிடும். காலையில் கப்பல் போன வழி மத்தியானம் சேறாகக் கிடக்கும். எந்த வளைவில் மணல் ஏறியிருக்கிறது, எந்த ஓடை எந்த நேரத்தில் கப்பலைத் தாங்கும் என்பதையெல்லாம் வரைபடம் சொல்லாது. தினம் ஓட்டியவருக்குத்தான் தெரியும். இந்தக் கரையில் தினம் படகோட்டியவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். சொந்த உடம்பே சட்டப்படி சொந்தமில்லாத அவர்களிடமிருந்து இந்தத் தண்ணீரின் அறிவை மட்டும் எந்த எஜமானாலும் எழுதி வாங்க முடியவில்லை. பிளான்டரின் வாழ்க்கை முழுவதையும் நான் அந்த அறிவின் கதையாகத்தான் படிக்கிறேன்.

1861 ஏப்ரலில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் வாயிலில் இருக்கும் சம்ட்டர் கோட்டை மீது, அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலங்களின் படை குண்டு வீச, வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் வெடித்தது. பஞ்சுக் கப்பலைத் தெற்கத்தி ராணுவம் வாடகைக்கு எடுத்தது. பீரங்கிகளைப் பொருத்தினார்கள். தீவுக் காவல் நிலைகளுக்குச் சிப்பாய்களையும் தளவாடங்களையும் கொண்டுபோவது, தளபதி ரிப்ளியின் கடிதங்களைச் சுமப்பது, ஆற்று வாய்களில் கண்ணிவெடி வைப்பது என்று வேலை மாறியது. கேப்டன் ரெலியே, அவருக்குத் துணையாக ஒரு மேட், ஒரு எஞ்சினியர். மூவரும் வெள்ளையர்கள். மற்ற எல்லோரும் கறுப்பின அடிமைகள். சுக்கான் பிடித்தவரின் பெயர் ராபர்ட் ஸ்மால்ஸ். கப்பலை வழிநடத்தும் பைலட்டின் வேலை முழுவதையும் அவர் செய்தார். அந்தப் பதவிப் பெயர் வெள்ளையருக்கு மட்டும் என்பதால் அவரைச் சுக்கான்காரர் என்றே பதிவு செய்தார்கள்.

ஸ்மால்ஸ் பிறந்தது 1839-ல், பியூஃபர்ட் என்ற சிற்றூரில். பிரின்ஸ் தெருவில் மெக்கீ குடும்பத்தின் பெரிய வீட்டுக்குப் பின்னால் இருந்த அடிமைக் குடிலில். தாய் லிடியா அந்த வீட்டு வேலைக்காரி. பன்னிரண்டு வயதில் பையனைச் சார்ல்ஸ்டனுக்கு அனுப்பி வாடகைக்கு விட்டார்கள். உழைப்பு பையனுடையது, கூலியின் பெரும்பகுதி எஜமானுக்கு. ஓட்டலில் பரிமாறினார், தெருவிளக்கு ஏற்றினார், துறைமுகத்தில் சுமை தூக்கினார், பாய்மரத்துக்குக் கயிறு கட்டினார், பாய் தைத்தார். அப்படிப் படிப்படியாகச் சுக்கானுக்கு வந்தார். பதினேழு வயதில் ஹன்னாவைத் திருமணம் செய்தார். ஓட்டலில் வேலை செய்த ஹன்னாவும் அடிமை. அவருடைய எஜமான் வேறொருவர். பிறந்த பெண் குழந்தையும் அந்த எஜமானின் உடைமை என்றது சட்டம். மனைவியையும் மகளையும் விலைக்கு வாங்கிக்கொள்ள ஸ்மால்ஸ் பேரம் பேசினார். 800 டாலர் என்றார்கள். அதைச் சேர்ப்பதற்குள் இருவரையும் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் விற்றுவிடலாம், தடுக்க வழியில்லை.

1861 நவம்பரில் வடக்குக் கடற்படை தெற்கே போர்ட் ராயல் கழிமுகத்தைப் பிடித்தது. பியூஃபர்ட் உள்படச் சுற்றுப்புறத் தீவுகளின் தோட்ட முதலாளிகள் ஒரே நாளில் வீடுவாசலை விட்டு ஓடினார்கள். சுமார் பத்தாயிரம் அடிமைகள் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஸ்மால்ஸின் தாயும் அந்தப் பக்கம்தான் இருந்தார். சார்ல்ஸ்டனிலிருந்து பார்த்தால் விடுதலை என்பது ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊர், போகும் வழி தெரிந்த ஊர்.

1862 மே 12 அன்று பிளான்டர் ஸ்டோனோ ஆற்று முகத்தில் கோல்ஸ் தீவுக்குப் போனது. அங்கிருந்த காவல் நிலையைத் தெற்கத்திப் படை கைவிட்டிருந்தது. நாலு பெரிய பீரங்கிகளை ஏற்றி வேறொரு கோட்டைக்குக் கொண்டுபோக வேண்டும். மாலையில் சார்ல்ஸ்டன் திரும்பி, ரிப்ளியின் தலைமையகத்துக்கு எதிரே இருந்த தெற்குத் துறையில் கட்டினார்கள். இரவில் அதிகாரிகள் கப்பலிலேயே தங்க வேண்டும் என்பது ராணுவ உத்தரவு. அன்று மூவரும் கரையில் படுக்கப் போய்விட்டார்கள். ஸ்மால்ஸும் கூட்டாளிகளும் எதிர்பார்த்துக் காத்திருந்த இரவு அது. பிடிபட்டால் கப்பலை மூழ்கடிப்பது, அது சீக்கிரம் மூழ்காவிட்டால் எல்லோரும் கைகோத்துக் கடலில் குதிப்பது என்று முன்பே பேசி முடிவு செய்திருந்தார்கள். தெரிந்தேதான் பெண்கள் இதற்குச் சம்மதித்தார்கள், குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு.

விடியற்காலை மூன்று மணி சுமாருக்கு அடுப்பு மூட்டினார்கள். தெற்கத்திக் கொடியும் மாநிலக் கொடியும் வழக்கம்போல ஏறின. கயிறுகளை அவிழ்த்தார்கள். துறையில் நின்ற காவலாள் பார்த்தான். வழக்கமாகப் போகிற கப்பல் வழக்கமாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டான். பிளான்டர் நேரே கடலுக்குப் போகவில்லை. முதலில் மேலே போய், வடக்கு அட்லான்டிக் துறையில் வேறொரு கப்பலுக்குள் ஒளிந்திருந்த குடும்பங்களை ஏற்றிக்கொண்டது. மொத்தம் பதினாறு பேர். பிறகுதான் துறைமுக வாயிலை நோக்கித் திரும்பியது.

வழியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோட்டைகள். ஒவ்வொன்றுக்கும் சங்கு ஊத வேண்டும். வேகமாகப் போனால் சந்தேகம் வரும். மெதுவாகப் போனால் விடிந்துவிடும். எவ்வளவு வேகத்தில் போனால் வழக்கமான பயணம்போலத் தெரியும் என்பது ஸ்மால்ஸுக்கு அத்துப்படி. ரெலியே எப்போதும் போட்டுக்கொள்ளும் அகலமான வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, அவர் நிற்கும் பாணியிலேயே கைகளைக் கட்டிக்கொண்டு சுக்கான் அறையின் ஜன்னலில் நின்றார். சம்ட்டர் கோட்டையை நெருங்கியபோது நாலரை மணி இருக்கும். கோட்டையின் பீரங்கிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஸ்மால்ஸ் சங்கை இழுத்தார்: இரண்டு நீளம், ஒன்று குட்டை. கோட்டையிலிருந்து போகலாம் என்று பதில் வந்தது. வாயிலைத் தாண்டியதும் மோரிஸ் தீவுப் பக்கம் திரும்பியிருக்க வேண்டிய கப்பல் திரும்பாமல், முழு நீராவியில் நேரே வெளிக்கடலுக்குப் போனது. கோட்டைக்காரர்களுக்கு விஷயம் புரிவதற்குள் பிளான்டர் குண்டு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது.

ஆபத்து அதோடு தீரவில்லை. வெளியே முற்றுகையிட்டு நின்ற வடக்குக் கப்பல்களுக்கு இது தாக்க வரும் எதிரிக் கப்பல். மூட்டம் வேறு. கொடிகளை இறக்கிவிட்டு ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினார்கள். ஹன்னா வேலை பார்த்த ஓட்டலிலிருந்து கொண்டுவந்தது என்பார்கள். ஆன்வர்ட் என்ற கப்பல் பீரங்கிகளைத் திருப்பிச் சுடத் தயாரானபோது, வெளிச்சம் வந்து யாரோ ஒரு மாலுமியின் கண்ணில் அந்தத் துணி பட்டது. அது ஒரு நிமிடம் தாமதித்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல ஆளே மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

இன்று சார்ல்ஸ்டனுக்குப் போகிறவர்கள் அந்தப் பாதையிலேயே போகலாம். சம்ட்டர் கோட்டைக்குப் போகும் சுற்றுலாப் படகு பிளான்டர் கடந்த தண்ணீரைத்தான் கடக்கிறது. படகு கிளம்பும் இடத்துக்கு அருகில் கேட்ஸ்டன் துறை. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள் பல்லாயிரக்கணக்கில் கரையிறக்கப்பட்ட இடம். அந்த மண்ணின் மீது 2023-ல் சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கட்டடம் தரையில் உட்காராமல் தூண்களின் மேல் நிற்கிறது. கீழே மண்ணைத் திறந்தவெளியாக விட்டுவைத்திருக்கிறார்கள். கொஞ்சம் நடந்தால் சால்மர்ஸ் தெருவில் பழைய அடிமைச் சந்தைக் கட்டடம். இன்னும் போனால் இமானுவேல் ஆலயம். 1822-ல் அடிமைகளின் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாகத் தூக்கிலிடப்பட்ட டென்மார்க் வெசி சார்ந்திருந்த சபையின் வழிவந்தது. 2015 ஜூன் 17 இரவு, வேதாகம வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேரை ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக்கொன்றதும் இந்த ஆலயத்தில்தான். சார்ல்ஸ்டனுக்கு வரும் கூட்டத்தில் பெரும்பகுதி வண்ணம் பூசிய மாளிகைகளையும் தோட்டங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. துறைமுகத்திலிருந்து தொடங்கினால் அந்த மாளிகைகளே வேறு மாதிரி தெரியும்.

மறுபடி 1862-க்கு வருவோம். மே 13 இரவு பத்து மணி வாக்கில் பிளான்டர் போர்ட் ராயலை அடைந்தது. வடக்குக் கடற்படைத் தளபதி டூபான்ட்டிடம் ஸ்மால்ஸ் ஒப்படைத்தவற்றில் பீரங்கிகளைவிடப் பெரியவை இரண்டு: எதிரியின் சைகைகள் அடங்கிய புத்தகம், கோல்ஸ் தீவு காலியாகிவிட்டது என்ற தகவல். ஒரு வாரத்துக்குள் வடக்குக் கப்பல்கள் ஸ்டோனோ ஆற்றுக்குள் நுழைந்தன. சார்ல்ஸ்டனில் ரெலியேயும் மற்ற இருவரும் ராணுவ விசாரணையைச் சந்தித்தார்கள்.

எதிரிக் கப்பலைப் பிடித்துவந்தால் அதன் மதிப்பில் ஒரு பங்கு பரிசாகக் கிடைக்கும் என்பது அந்தக் காலக் கடற்படை வழக்கம். நாடாளுமன்றம் மே மாதக் கடைசிக்குள் தனிச் சட்டம் போட்டது: மதிப்பில் பாதி இந்தக் குழுவுக்கு. மதிப்புப் போட்டவர்கள் கப்பலையும் தளவாடத்தையும் சேர்த்துச் சுமார் ஒன்பதாயிரம் டாலர் என்றார்கள். ஸ்மால்ஸுக்கு 1,500 டாலர் கிடைத்தது. மற்ற ஆண்களுக்குச் சில நூறுகள். இருபது ஆண்டு கழித்து, 1883-ல், நாடாளுமன்றக் குழு ஒன்று கணக்கைத் திரும்பப் பார்த்து, குறைத்துச் சொன்னாலும் 67,000 டாலர் பெறும் என்று எழுதியது. பாக்கிக்காக ஸ்மால்ஸ் அலைந்து, 1900-ல்தான் அவருடைய பங்கை மொத்தம் 5,000 டாலராக உயர்த்த ஒப்புக்கொண்டார்கள். அப்போது அவருக்கு அறுபது கடந்துவிட்டது. வீரத்தை மெச்சிய நாடு விலை போடும் இடத்தில் மட்டும் இவ்வளவு கையைச் சுருக்கியது எனக்கு ஆறவே இல்லை.

கடற்படைக்குப் பிளான்டரை வைத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் இருந்தது. அவர்களிடம் இருந்த எரிபொருள் நிலக்கரி. பிளான்டர் விறகில் ஓடும் கப்பல். சில மாதத்தில் அதை ராணுவத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அதிலிருந்து தீவுகளுக்கிடையே சிப்பாய்களையும் சரக்கையும் சுமந்தது. அது ஓடிய நீர்வழிகளின் கரையில் அந்த மாதங்களில் நடந்தவை அசாதாரணமானவை. செயின்ட் ஹெலினா தீவில் 1862-ல் விடுதலை பெற்றவர்களுக்காகப் பென் பள்ளி தொடங்கியது. லாரா டவுன், எலன் முர்ரே என்ற இரண்டு வடக்கத்திப் பெண்கள் ஆரம்பித்தார்கள். அதே ஆண்டு சார்லட் ஃபோர்ட்டன் என்ற கறுப்பின ஆசிரியை வந்து சேர்ந்தார். அடிமைகளே 1855-ல் கட்டிய செங்கல் ஆலயத்தில், அவர்கள் மாடத்தில் மட்டுமே உட்காரலாம் என்றிருந்த அதே ஆலயத்தில், வகுப்பு நடந்தது. பேரனும் பாட்டியும் ஒரே வகுப்பில் எழுத்துக் கூட்டினார்கள். ஹில்டன் ஹெட் தீவில் மிட்செல்வில் என்ற ஊரை விடுதலை பெற்றவர்களே நிர்வகித்தார்கள்; பிள்ளைகளைக் கட்டாயம் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று விதி வைத்தார்கள்.

1862 ஆகஸ்டில் ஸ்மால்ஸ் வாஷிங்டன் போய், கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்க வேண்டும் என்று வாதாடியவர்களோடு நின்றார். அந்த மாதமே போர்ட் ராயலில் 5,000 பேர் வரை சேர்க்க போர்த்துறைச் செயலர் ஸ்டான்டன் அனுமதி கொடுத்தார். அப்படி உருவான முதலாம் தென் கரோலினாப் படைப்பிரிவு சாக்ஸ்டன் முகாமில் தங்கியது. 1863 ஜனவரி 1 அன்று அந்த முகாமின் ஓக் மரங்களுக்கு அடியில் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. தெற்கின் பெரும்பகுதியில் அந்தப் பிரகடனம் அன்று வெறும் காகிதம். இங்கே கேட்டுக்கொண்டு நின்றவர்கள் சீருடையில் இருந்தார்கள். முகாம் இருந்த இடமும் பென் பள்ளி வளாகமும் செங்கல் ஆலயமும் இப்போது, போருக்குப் பிந்தைய புனரமைப்புக் காலத்துக்கான தேசிய வரலாற்றுப் பூங்காவின் பகுதிகள். 2017-ல் தேசிய நினைவிடமாக அறிவித்தார்கள், 2019-ல் பூங்கா ஆனது. பென் வளாகத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1960-களில் மார்ட்டின் லூதர் கிங் தன் தோழர்களோடு இங்கே வந்து தங்கித் திட்டமிடுவார். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே கூரையின் கீழ் தங்கிப் பேசக்கூடிய இடம் அந்த மாநிலத்தில் அப்போது அரிது.

1863 கடைசியில் ஃபாலி தீவு ஓடையில் பிளான்டர் இரண்டு பக்கமும் சுடும் எதிரிகளுக்கு நடுவே மாட்டியது. வெள்ளைக் கேப்டன் சரணடையலாம் என்றார். அவர் சிறைக் கைதியாகலாம். கப்பலில் இருந்த கறுப்பினத்தவருக்கு என்ன நடக்கும் என்பது ஸ்மால்ஸுக்குத் தெரியும். கேப்டன் பதுங்கிக்கொள்ள, சுக்கானையும் பொறுப்பையும் இவர் எடுத்துக்கொண்டு கப்பலை மீட்டுக்கொண்டு வந்தார். அதன் பிறகு அவரையே கேப்டனாக்கினார்கள், மாதம் 150 டாலர் சம்பளத்தில். அதே ஃபாலி தீவில் 1987-ல் வீடு கட்ட மண் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. மாசசூசெட்ஸிலிருந்து வந்து போரிட்ட 55-ஆம் கறுப்பினப் படைப்பிரிவின் சிப்பாய்களை அடக்கம் செய்த இடம் அது. 1989-ல் பத்தொன்பது பேரின் எச்சங்களை ராணுவ மரியாதையோடு பியூஃபர்ட் தேசியக் கல்லறைக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

1864-ல் பழுதுபார்க்கப் பிளான்டர் பிலடெல்பியா போனது. ஸ்மால்ஸ்தான் ஓட்டிப்போனார். மாதக்கணக்கில் பட்டறையில் கிடந்த கப்பலோடு தங்கியிருந்த காலத்தில் அவர் ஆசிரியர்களை வைத்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். வயது இருபத்தைந்து. தென் கரோலினாவில் அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது குற்றம். அவ்வளவு நாள் ஓதத்தையும் மணலையும் கோட்டைகளின் சங்கொலியையும் நினைவிலேயே வைத்து ஓட்டியிருக்கிறார். அந்த டிசம்பரில், மழை நாளில், டிராம் வண்டியில் உட்கார்ந்திருந்தவரை வெளிப்படியில் போய் நிற்கச் சொன்னார்கள். அவர் இறங்கிக் கப்பல் பட்டறை வரை நடந்தே போனார். நாட்டுக்குக் கப்பல் கொண்டுவந்து கொடுத்தவரையே இப்படி நடத்துவதா என்று ஊர் பேசியது. டிராம்களில் இனப் பாகுபாட்டை ஒழிக்க அங்கே ஏற்கெனவே போராடிக்கொண்டிருந்தவர்களுக்கு இது வலுச் சேர்த்தது. 1867-ல் பென்சில்வேனியா மாநிலமே அதற்குச் சட்டம் போட்டது.

1865 ஏப்ரல் 14 அன்று சம்ட்டர் கோட்டையில் மறுபடி அமெரிக்கக் கொடி ஏற்றினார்கள். கேப்டன் ஸ்மால்ஸின் பிளான்டர் தளம் கொள்ளாமல் கறுப்பின மக்களை ஏற்றிக்கொண்டு வந்தது. மூன்று ஆண்டுக்கு முன் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு கடந்த கோட்டைக்கு அன்று பட்டப்பகலில் வந்தார். தூக்கிலிடப்பட்ட டென்மார்க் வெசியின் மகனும் அந்த விழாவுக்கு வந்திருந்தார். அன்றிரவுதான் வாஷிங்டனில் லிங்கன் சுடப்பட்டார்.

அதற்குப் பிறகு கப்பலின் கதை சுருக்கமானது. விடுதலை பெற்றவர்களுக்கான அரசுத் துறைக்குக் கொஞ்ச காலம் ஓடியது. 1866-ல் ஸ்மால்ஸ் அதைப் பால்டிமோர் கொண்டுபோய் ஒப்படைத்தார், ராணுவம் விற்றுவிட்டது. மறுபடி சார்ல்ஸ்டன், மறுபடி சரக்கு. 1876 மார்ச் 25 அன்று கேப் ரொமெய்ன் முனைக்கு அருகே தரைதட்டி நின்ற ஒரு பாய்மரக் கப்பலை இழுத்துவிடப் போய், பிளான்டரின் அடிப்பலகை பெயர்ந்து தண்ணீர் ஏறியது. பழுதுபார்ப்பதற்காகக் கரையேற்றினார்கள். புயல் வந்து அடித்ததில் மீட்க முடியாமல் போய், கைவிட்டார்கள். சொந்தத்தில் ஒருவரைப் பறிகொடுத்ததுபோல ஸ்மால்ஸ் வருந்தினாராம்.

அந்த ஆண்டு அவருக்கு அழ நேரம் இருந்திருக்காது. ஜூலை 8 அன்று, அதே மாநிலத்தின் ஹாம்பர்க் ஊரில் வெள்ளையர் கூட்டம் கறுப்பினக் காவற்படையினரைப் பிடித்துச் சுட்டுக்கொன்றது. ஸ்மால்ஸ் அப்போது நாடாளுமன்ற உறுப்பினர். கொலையின் விவரங்களை அவையில் எடுத்து வைத்தார். 1868-ல் மாநில அரசியல் சட்டம் எழுதியபோது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப்பள்ளி வேண்டும் என்று போராடியவர் அவர். பிறந்த குடிலுக்கு முன்னால் நின்ற மெக்கீ வீட்டையே வரி பாக்கி ஏலத்தில் வாங்கியிருந்தார். அந்த உரிமையை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1878-ல் அவர் பக்கம் தீர்ப்பானது. 1895-ல் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறிக்க மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். முன்னின்று நடத்தியவர் பென் டில்மேன். அந்த மாநாட்டில் எதிர்த்துப் பேசிய ஆறு கறுப்பினப் பிரதிநிதிகளில் ஸ்மால்ஸ் ஒருவர். தோற்றுப்போனார்கள். 1915-ல், பிரின்ஸ் தெரு வீட்டிலேயே காலமானார்.

சார்ல்ஸ்டனிலிருந்து பியூஃபர்ட்டுக்குச் சாலை வழி வந்தால், 17-ஆம் எண் நெடுஞ்சாலை கம்பாஹீ ஆற்றைக் கடக்கிறது. பாலத்துக்கு அடிமை விடுதலைப் போராளி ஹாரியட் டப்மேன் பெயர். 1863 ஜூன் மாதத் தொடக்கத்தில் அவர் வழிகாட்டிய படை, ஆற்றோர நெல் வயல்களிலிருந்து எழுநூறுக்கும் மேற்பட்டவர்களை ஒரே இரவில் படகேற்றி மீட்டது. ஓதநீரை மடையால் கட்டுப்படுத்தி நெல் விளைவித்த அந்த வயல்களின் வரப்புகள் சதுப்பில் இன்னும் தெரிகின்றன. நெல்லின் நுட்பத்தையும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களே கொண்டுவந்தார்கள். அவர்கள் வழிவந்த கல்லா-கீச்சி மக்கள் தனி மொழியோடும் சமையலோடும் கூடை முடைதலோடும் இந்தத் தீவுகளில் வாழ்கிறார்கள். ஸ்மால்ஸ் பேசி வளர்ந்த மொழியும் அதுதான். சார்ல்ஸ்டனுக்கு வடக்கே மவுன்ட் ப்ளெசன்ட்டில் இதே நெடுஞ்சாலை ஓரத்துக் கடைகளில் பெண்கள் உட்கார்ந்து இனிப்புப்புல்லைச் சுருள் சுருளாகச் சுற்றிப் பனையோலை நாரால் தைப்பதைப் பார்க்கலாம். பியூஃபர்ட்டில் கிரேவன் தெரு ஆலய வளாகத்தில் ஸ்மால்ஸின் கல்லறையும் மார்பளவுச் சிலையும் இருக்கின்றன. அதே வளாகத்தில் 2024-ல் டப்மேனுக்கும் சிலை வைத்தார்கள்.

கப்பலை மட்டும் பார்க்க முடியாது. அமெரிக்கக் கடல் ஆய்வுத் துறை பழைய வரைபடங்களையும் கரை நகர்ந்த கணக்கையும் வைத்துத் தேடி, கேப் ரொமெய்ன் பக்கம் அதன் எச்சம் இருக்கக்கூடிய இடத்தைக் கண்டதாக 2014-ல் அறிவித்தது. பல அடி மணலுக்கு அடியில் இருப்பதாலும், வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டிய நுட்பமான இடம் என்பதாலும் தோண்டவில்லை. 2023-ல் அமெரிக்கக் கடற்படை, தெற்கத்திப் படையின் வெற்றி ஒன்றின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பலுக்கு ராபர்ட் ஸ்மால்ஸ் என்று பெயர் மாற்றியது.

மாநிலத் தலைநகர் கொலம்பியாவில், சட்டமன்ற வளாகத்தில், பென் டில்மேனின் சிலை 1940 முதல் நிற்கிறது. அதே வளாகத்தில் ஸ்மால்ஸுக்கு நினைவுச்சின்னம் வைக்க 2024-ல் சட்டம் நிறைவேறியது. கறுப்பினத்தவர் ஒருவருக்கு என்று தனியாக அங்கே எழுப்பப்போகும் முதல் சின்னம் அது. அதன் பீடத்தில் இன்னும் பதினைந்து பெயர்களுக்கு இடம் விட வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன்: எஞ்சினைப் பார்த்துக்கொண்ட ஜான் ஸ்மால், ஆல்ஃபிரட் கூர்டின், உடன் வந்த கேப்ரியல் டர்னர், ஆபிரகாம் ஜாக்சன், வில்லியம் மாரிசன், படுக்கை விரிப்பைக் கொண்டுவந்த ஹன்னா, அவர் கையில் இருந்த குழந்தைகள், மற்றும் அந்த அதிகாலையில் கடலில் குதிக்கத் தயாராக வந்த மீதிப் பேர்.